உச்சிமாடத்துக் குரல்

பார்மா ஆற்றின் வறண்ட படுகையினின்று எழுந்த மூடுபனி, பாலங்களின் வளைவுகளைத் தழுவி, மணிக்கோபுரங்களின் முடிகளை விழுங்கி, வெண்பட்டுத் திரையென நகர்முழுதும் விரிந்து கிடந்த மாலைப்பொழுதில், எழுபது அகவை கடந்த எர்சிலியா, கூட்டிலடைத்த வேங்கைபோல் தன் கூடத்தில் உலவிக்கொண்டிருந்தாள்.

அவள் நாடியது மறைந்த தந்தை அமில்காரேயின் குரலொன்றே. இல்லத்தில் உப்புக் கேட்பதற்கும் கண்சாடை காட்டிய அம்மனிதர், நகர இசையரங்கில் மலிவுச்சீட்டுக்காரர் அமரும் உச்சிமாடத்தில் ஏறிவிட்டாலோ, பிழைபட்ட சுரத்தைப் பொறாது கூவும் அவ்வூர் வழக்கத்திற்குத் தலைமகனாய் விளங்கினார். அங்கு நிகழ்ந்த இசைநாடகமொன்றை இசைத்தட்டில் பதித்த அன்று, பாடகர் நீட்டிய சுரம் தளர்ந்தவிடத்து, "இதுக்கு எங்க ரொட்டிக்கடைக்காரனே தேவலாம்!" என்று அவர் எறிந்த சொல்லும் உடன் பதிந்துவிட்டது. எஞ்சிய குரல் அதுவே. திருநாள்தோறும் விருந்து முடிந்ததும், பாட்டை விடுத்து, அவ்விடத்திலேயே ஊசியை இறக்கி இறக்கிக் கேட்டுச் சிரித்தது குடும்பம். அதனால் அவ்விடம் மட்டும் தேய்ந்து, இப்போது மணல் வறுக்கும் இரைச்சலே எழுந்தது.

ஆகவே தம்பி கால்லிஸ்தோ, அதே பதிவின் புதிய தட்டொன்றை வாங்கிவந்திருந்தான். ஊசி அவ்விடத்தை அடைந்தது. சுரம் தளர்ந்தது, பின்னர், துடைத்துவைத்த வெள்ளித்தட்டுப் போன்ற அமைதி.

"அப்பா எங்கடா?"

"இருமல், கூச்சல் எல்லாத்தையும் எடுத்துட்டுச் சுத்தம் பண்ணிருக்காங்களாம்க்கா. அட்டையிலயே போட்டிருக்கு."

"தூசியோட சேத்து மனுசனையும் கூட்டித் தள்ளிருக்கானுங்க. அட்டையப் படிக்காம வாங்குனியே, மூக்குக்கண்ணாடி என்ன அழகுக்கா?"

"பழசத் தேயத் தேயப் போட்டது யாராம்?"

எர்சிலியா மீண்டும் ஊசியை இறக்கினாள். மீண்டும் அதே வெறுமை. மூன்றாம் முறை கால்லிஸ்தோ அவள் கையைப் பற்றினான்.

"கொஞ்சம் இரு அக்கா, அதுக்கப்புறம் கேளு. யாரோ அவனத் திட்டுன மாதிரில்ல பாடுறான்."

மெய்தான். அவ்வமைதியின் விளிம்பில் பாடகரின் மூச்சு ஒருகணம் இடறியது. அடுத்த அடியைச் சினமும் நாணமும் பொங்க, அன்றைய நாளில் அதுவரை பாடாத முழுக்குரலில் அவர் பாடினார். கூவியவரை அகற்றிய கைகளுக்கு, அக்கூவல் தைத்த நெஞ்சின் நடுக்கத்தை அகற்ற இயலவில்லை.

எர்சிலியாவின் சினமோ தணிந்திலது. இன்னுமொருமுறை கேட்கும் வேட்கையில் ஊசியை உயர்த்தினாள். உயர்த்திய கை நின்றது. அன்புடையோர் ஓயாது தொடும் இடமே முதலில் தேய்ந்தொழியும் என்பதைப் பழைய தட்டின் இரைச்சலில் கற்றிருந்த அவள், அந்நடுக்கமேனும் எஞ்சுக என்று, தட்டை உறையிலிட்டு மூடினாள்.