வண்டி வருது

எதிர்க்காற்றைத் திட்ட முடியாது. வாயைத் திறந்தால் மண் போகும். அதனால் காலையிலிருந்து நான் கேப்டனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், மனசுக்குள்.

கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுபவர் இல்லை. கட்டடம் கட்டும் கான்ட்ராக்டர். எங்கள் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு அவர்தான் தலை. தலைக்கு எதிர்முனையில் நான். வரிசையில் கடைசியாக வருபவரை எங்கள் குழுவில் 'வால்' என்பார்கள். முதல் நாள் வால் ஆனேன். மறுநாளே அது 'வாலு' ஆகிவிட்டது. பயணம் முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. இதற்குள் என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

வாலுக்கு ஒரு வேலை உண்டு. பின்னால் லாரியோ காரோ வந்தால் "வண்டி!" என்று கத்த வேண்டும். எனக்கு முன்னால் போகிறவர் அதை வாங்கி அவருக்கு முன்னால் போகிறவருக்குக் கத்துவார். அப்படியே கை மாறி கேப்டன் வரைக்கும் போகும். எல்லோரும் ஓரம் கட்டுவார்கள். மெதுவாக ஓட்டுகிறவளுக்கு மூச்சு மிச்சமிருக்கும் என்று எந்த மேதை முடிவு செய்தானோ தெரியவில்லை.

வரிசைக்குப் பின்னால் ஒரு வேன் வரும். பைகள், தண்ணீர், பம்பு, மாற்றுச் சக்கரங்கள் எல்லாம் அதில்தான். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம், தப்பில்லை. ஏறினால் 'முழுத் தூரம் ஓட்டியவர்' என்ற பதக்கம் கிடைக்காது, அவ்வளவுதான். பதக்கத்தை யார் கேட்டார்கள்? நான் ஏறாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது.

அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறார். மனிதர்களில் மேலே போகிறவர்கள், கீழே போகிறவர்கள் என்று இரண்டே வகைதான் அவருக்கு. நான் இரண்டிலும் சேரமாட்டேன். "இவ பாதி மாடியில நின்ன லிஃப்ட்டு" என்பார், வந்தவர் போனவர் எல்லோரிடமும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் வேலையில் மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளில் கை வைத்துக்கொண்டுதான் என் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பான். கையை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. வேலையை விட்டேன். மேற்படிப்பில் சேர்ந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் வந்தது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதையும் விட்டேன். அப்பாவுக்கு ரெண்டும் ஒன்றுதான். பாதி.

இப்போது தங்கைக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் அவளைக் குட்டி என்போம். என்னைவிட நன்றாகப் படிப்பாள், என்னைவிடக் குறைவாகப் பேசுவாள். அப்பா அனுப்ப மாட்டேன் என்றார். நான் சண்டைக்குப் போனேன். சண்டையின் உச்சத்தில் அப்பா சொன்னார்:

"பெரியவ படிச்சுக் கிழிச்சதப் பாத்தாச்சு. இப்ப சைக்கிள்ல ஊர் சுத்தப் போறாளாம். அதையாவது முழுசா முடிக்கட்டும். அந்த வேன்ல ஏறாம வந்தான்னா, சின்னவள நானே கொண்டுபோய் விடுறேன். ஏறினா, பேச்சே கிடையாது."

என் முட்டிக்கும் அவள் படிப்புக்கும் என்னய்யா சம்பந்தம்? கேட்டேன். அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் வந்ததுதான். பின்வாங்க மாட்டார். அதில் மட்டும் நானும் அவரும் ஒரே அச்சு.

காலையில் குட்டியிடமிருந்து செய்தி வந்தது: "அங்க காத்து பயங்கரமா இருக்காமே. அக்கா, ப்ளீஸ், ஏறிடாத."

பழைய வேன் டிரைவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக இன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். கனத்த மீசை, கழுத்தில் துண்டு. நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையாகிப்போனது.

ஊரைத் தாண்டியதும் பின்னால் லாரி சத்தம். "வண்டி!" என்று கத்தினேன். லாரி போனது. அதன் பின்னாலேயே வேன் உறுமிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஒட்டி நின்றது.

"சொல்லும்மா, ஏறுறியா?"

"இல்லண்ணே. நீங்க பின்னாடி வாங்க."

கொஞ்ச தூரம் போனதும் கார். "வண்டி!" மறுபடியும் வேன் பாய்ந்து வந்தது.

"கூப்பிட்டியே?"

"உங்கள இல்லண்ணே! கார் வந்துச்சு."

"கார்தான் போயிருச்சே."

மூன்றாம் முறை இன்னும் விசேஷம். வேன் வேகமாக வருகிற சத்தம் கேட்டு, அது வேன் என்று தெரியாமல் நான் "வண்டி!" என்று கத்த, கூப்பிடுகிறாள் என்று அவர் இன்னும் வேகமாக வர, நான் இன்னும் பலமாகக் கத்த, முன்னால் வரிசை முழுக்கப் பதறி ஓரத்துப் புழுதியில் இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் ஓட்டிய பல் டாக்டரம்மா ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"ஏய் வாலு, நீ எங்களக் காப்பாத்துறியா, கொல்லப் பாக்குறியா?"

டீக்கு நிறுத்திய இடத்தில் கேப்டன் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். குரலில் தேன்.

"பாப்பா, காலைலேருந்து வேனக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் வந்ததும் வேணாங்கிறியாம். டிரைவர் பாவம், ஒண்ணும் புரியாம கேக்குறாரு. முடியலன்னா சொல்லிடு. இதுல என்ன வெக்கம்?"

"நான் வேனக் கூப்பிடல சார். வண்டின்னு கத்தச் சொன்னது நீங்க."

"அதான், வண்டின்னு கூப்பிட்டிருக்க."

இதற்கு மேல் இவரோடு என்ன பேசுவது? சுவருக்கு அந்தப் பக்கம் கதவு வைத்துக் கட்டுகிற ஆள். நான் பல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"இனிமே வண்டின்னு சொல்ல மாட்டேன். வார்த்தையை மாத்துறேன்."

"என்ன சொல்லுவ?"

"மாமா."

டாக்டரம்மா டீயைத் துப்பிவிட்டார். "ஏண்டி, மாமான்னு ஏன்?"

"பின்னாடியே வந்து, சத்தம் போட்டு, நம்மள ஓரங்கட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போறாரே. எங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லா மாமாவும் அப்படித்தான்."

"லாரி?"

"பெரிய மாமா."

"பஸ்?"

"அத்தை. வழியெல்லாம் நின்னு நின்னு பேசிட்டுப் போவாங்க."

அன்று முற்பகல் முழுக்க அந்தச் சாலையில் மாமாக்கள் பறந்தார்கள். "பெரிய மாமா!" என்று நான் கத்த, அது முன்னால் போய், கேப்டனிடம் போய்ச் சேரும்போது "பெம்மா!" என்று ஏதோவாக ஆகியிருக்கும். டிரைவர் அண்ணன் நிம்மதியாகப் பின்னாலேயே வந்தார். காற்று மட்டும் சிரிக்கவில்லை. மிதித்தால் போகவில்லை, மிதிக்காவிட்டால் சைக்கிள் பின்னால் போகும்போல இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு எலி ஓடிக்கொண்டே இருந்தது: ஏறிடாத, ஏறிடாத, ஏறிடாத.

மதியச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல். நான்தான் கடைசியாக உட்கார்ந்தேன், கடைசியாக எழுந்தேன். கழிவறையில் முகத்தைக் கழுவினேன். உப்பும் மண்ணுமாக அப்பியிருந்ததால் கொஞ்சம் அதிக நேரம் கழுவினேன். வெளியே வந்தால் வாசல் காலி. வேன் மட்டும் நின்றது. வேனின் கூரையில், கயிறு போட்டு இறுக்கி, என் சைக்கிள்.

டிரைவர் அண்ணனிடம் ஓடினேன்.

"யாரண்ணே ஏத்துனது?"

"கேப்டன் சார்தான். லேட்டாகுது, கடைசி ஆள ஏத்திட்டு வந்துருங்கன்னாரு. ஏறு ஏறு, ஏசி போட்டிருக்கேன்."

"எறக்குங்க."

"சார் சொன்னாரும்மா."

"அவர் சைக்கிளயா ஏத்தியிருக்கீங்க? அவரைக் கேக்க? என் சைக்கிள எறக்குங்க. இல்லன்னா நான் மேல ஏறுறேன்."

டயர் மேல் கால் வைத்தேன். அவர் பதறி வந்து கயிற்றை அவிழ்த்தார். முன்சக்கரத்தைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள். மாட்டினேன். பிரேக் உரசியது. சரி செய்தேன், அப்படியும் உரசியது, மறுபடியும் சரி செய்தேன். சைக்கிளில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் போன் அடித்தது. குட்டி.

"அக்கா, ஏறிட்டியா?"

"யார் சொன்னா?"

"குரூப்ல போட்டோ போட்டிருக்காங்களே. வேன் மேல உன் சைக்கிள். 'இன்று நம்ம வாலுக்கு ஓய்வு'ன்னு எழுதி, சிரிக்கிற பொம்மை வேற. அப்பா பாத்துட்டாரு. எனக்கு அனுப்பி, கீழ 'முடிஞ்சுது'ன்னு போட்டிருக்காரு." குரல் உடைந்தது. "பரவால்லக்கா. உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும்."

வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாது என்று கேப்டன் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த குடும்பக் குரூப் அது. தினமும் படம் போடுவார். இன்று என் தங்கையின் கல்லூரியையே போட்டு உடைத்துவிட்டார்.

"ஏய், அழாத. நான் ஏறல. இப்பவும் ஓட்டிட்டிருக்கேன். மூச்சு வாங்குறது கேக்கலையா உனக்கு?"

"அழுதுட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

"ரெண்டும்தான். வை."

குழுவோடு போகும்போது முன்னால் போகிறவர்கள் முதுகு காற்றைக் கொஞ்சம் தாங்கும். தனியாகப் போகிறவளுக்கு எதுவும் கிடையாது. குனிந்தேன். கைப்பிடியில் தாடை இடிக்கிற அளவு குனிந்தேன். ஒரு மரம் வரைக்கும், ஒரு விளம்பரப் பலகை வரைக்கும், ஒரு பாலம் வரைக்கும் என்று எனக்கு நானே பொய் சொல்லிச் சொல்லி ஓட்டினேன். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கேப்டனையா, அப்பாவையா, தோளில் கை வைத்தவனையா? எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு மிதிக்கும் ஒருத்தர் என்று மிதித்தேன்.

பின்னால் லாரி சத்தம் கேட்டது. "வண்டி!" என்று கத்தினேன். கேட்க முன்னால் ஒரு ஈ காக்கா இல்லை.

வேன் மெல்ல வந்து பக்கத்தில் சேர்ந்தது. அண்ணன் கண்ணாடியை இறக்கினார்.

"என்னையா கூப்பிட்ட?"

"இல்லண்ணே. பழக்கம்."

"நான் வேற ஒண்ணும் சொல்லலம்மா. பின்னாடியே வரேன். நீ ஓட்டு." கொஞ்சம் யோசித்தார். "பெரிய மாமா வந்தா நான் ஹாரன் அடிக்கிறேன். நீ கத்தி மூச்ச வேஸ்ட் பண்ணாத."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தங்குமிடம் வந்து சேர்ந்தேன். மற்றவர்கள் குளித்து முடித்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பல் டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். கேப்டன் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"அடேயப்பா! ஓட்டியா வந்த? உன் நல்லதுக்குத்தானே பாப்பா நினைச்சேன்."

"நினைக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். அந்தப் போட்டோவ எடுங்க."

"விளையாட்டுக்குப் போட்டது."

"எங்க வீட்ல அத வச்சு யாரும் விளையாடல."

போன் அடித்தது. அப்பா. வேலையில் இருந்தார், பின்னால் லிஃப்ட் மணி கேட்டது.

"வண்டியில ஏறிட்ட, அப்படித்தானே?"

"ஆமாப்பா. வண்டியிலதான் வந்தேன். என் வண்டியில."

எங்கள் வீட்டில் சைக்கிளையும் வண்டி என்றுதான் சொல்வோம். அப்பாவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது.

"போட்டோல இருக்கே."

"போட்டோல சைக்கிள் இருக்கு. அதுல நான் எங்க இருக்கேன்னு தேடிப் பாருங்க."

"எந்த மாடி சார்?" என்றார் அப்பா, யாரிடமோ. பிறகு என்னிடம்: "அந்த டிரைவர்கிட்ட போனைக் குடு."

டிரைவர் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். காதில் விழுந்திருக்க வேண்டும், கையைக்கூட நீட்டிவிட்டார். கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"குடுக்க மாட்டேன். நான் சொல்றத நம்புனா நம்புங்க. இல்லன்னா விடுங்க. அப்புறம் இன்னொண்ணு. நான் ஏறியிருந்தாலும் குட்டி போவா. நீங்க கொண்டுபோய் விடலன்னா நான் விடுவேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்காம."

மணி அடித்தது. கதவு திறந்து மூடியது. யாரோ "கிரவுண்ட்" என்றார்கள். லிஃப்ட் கீழே இறங்கி நின்றது.

"நாளைக்கும் இதே காத்துதானா?" என்றார் அப்பா.

"தெரியல."

"ம்." வைத்துவிட்டார்.

எனக்கு அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் படியில் ஏறினேன். பைத்தியக்காரத்தனம்தான்; தொடை ரெண்டும் தனித்தனியாக ஆடின. முதல் திருப்பத்தில், ரெண்டு மாடிக்கும் நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே போன் அதிர்ந்தது. குட்டியின் செய்தி.

"அக்கா, அப்பா போன் பண்ணாரு. பெரிய பெட்டியோட சாவி எங்கன்னு கேக்குறாரு. என்ன சொன்ன நீ?"

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நெஞ்சில் அந்த எலி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் ஏறியிருந்தால் அந்தப் பெட்டி பரண்மேலேயே கிடந்திருக்குமா? நாளைக்கு முட்டி விட்டுப்போனால் திரும்பவும் மேலே ஏறிவிடுமா?

சுவரில் சாய்ந்தபடி பதில் அடித்தேன்: "அம்மா தலகாணிக்குக் கீழ இருக்கு. இன்னைக்கே துணிய எடுத்து வை. நான் முடிக்கிற வரைக்கும் காத்திட்டிருக்காத."

அனுப்பிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து அடுத்த படியில் காலை வைத்தேன்.