நாற்பத்தோரு மணி நேரச் சனிக்கிழமை

ஹெர்ன்ஃபோர்ஸ் ஊரில் ஆலைத் தெரு பதினான்காம் எண் வீட்டுக்கு மட்டும் சனிக்கிழமை நாற்பத்தோரு மணி நேரம். மற்ற வீடுகளுக்கு எல்லா ஊரையும் போல இருபத்துநான்குதான். கூடுதலான பதினேழு மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போயிற்று. அந்த வீட்டின் ஞாயிறு ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். திங்கள் காலை காகித ஆலையின் சங்கு ஊதும்போது எல்லோரும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதால் ஆலைக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை. பாதிரியார் மட்டும் அவர்களை ஞாயிறு வழிபாட்டுக்கு எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். தேவாலய மணி அடிக்கும்போது அவர்களுக்குச் சனிக்கிழமையே முடிந்திருக்காது, அவர்களைக் குறை சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டார்.

அந்த நாற்பத்தோரு மணி நேரத்தையும் ஒன்று விடாமல் அறிந்தவள் மைவோர். பள்ளிச் சமையலறையில் வேலை செய்தாள். அவள் கணவன் பிர்யெர் ஆலையில் கூழ்த்தொட்டி பார்ப்பவன். வாரத்தில் ஐந்து நாள் அதிர்ந்து பேசாதவன். சனிக்கிழமை ஒன்பதரைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு அரசு மதுக்கடை வாசலில் நிற்பான். வாங்கி வந்த பையை அவன் மேசையில் வைத்ததும் சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் தயங்கும். முதல் புட்டி தீரும்வரை வேடிக்கையாகப் பேசுவான். அதன் பிறகு சூரியன் ஜன்னல் ஓரத்திலேயே நிற்கும், காலையில் அவித்த உருளைக்கிழங்கு அதே நாள் மாலைக்குள் புளித்துப்போகும், மைவோர் ரொட்டிமாவை இரண்டாம் முறை பிசைவாள். மகள் அன்னெலியின் தோளெலும்பு முறிந்தது முப்பத்தாறாம் மணி நேரத்தில். படிக்கட்டில் விழுந்துவிட்டாள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த வீட்டில் படிக்கட்டே இல்லை. அன்னெலிக்கு அப்போது பத்து வயது.

எண்பத்தொன்றாம் வருடக் கோடையில், சோதனைக்காக நாடு முழுவதும் மதுக்கடைகளைச் சனிக்கிழமைகளில் மூடுவது என்று அரசு முடிவு செய்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம். ஊர் கொதித்தது. அடுத்த வீட்டு யோர்டிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏண்டி மைவோர், ஆகஸ்ட்ல ஆத்து இறால் விருந்து வெப்போமே, அன்னிக்கு என்னத்தைக் குடிக்கிறதாம்? இறால் வெந்த தண்ணியையா?" என்று கத்தினாள்.

"வெள்ளிக்கிழமையே வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே."

"வாங்கலாம். எங்க வீட்டு ஆளு சனிக்கிழமை வரைக்கும் அதை விட்டு வைக்கணுமே!"

ஊர் மொத்தமும் செய்த தவறு அதுதான். வேலை முடிந்ததும் ஆண்கள் ஆலை உடுப்போடு வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று, இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கினார்கள். ஆனால் வீட்டில் புட்டி இருக்கும்போது அதை நாளைக்கு வைத்திருக்கும் பழக்கம் ஹெர்ன்ஃபோர்ஸில் யாருக்கும் இல்லை. பிர்யெர் இரண்டாம் புட்டியை விறகுக் கொட்டகையில் ஒளித்தான். ஒளித்தவனே ஒரு மணி நேரத்தில் போய்க் கண்டுபிடித்தான். வாரம் முழுக்க உழைத்த களைப்பில் அதைக் குடித்து முடித்ததுமே தூங்கிப்போனான். அந்த வீட்டின் வெள்ளிக்கிழமை இருபது நிமிடம் நீண்டது. மறுநாள் குடிக்க ஒன்றும் இல்லாமல் பிர்ச் மரத்துண்டுகளைப் பிளந்தான், சிடுசிடுத்தான், கொஞ்சம் மீன் பிடித்தான். முதல் வாரம் சனிக்கிழமை முப்பத்துமூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஜூலை பாதியில் ஒரு சனிக்கிழமை மைவோர் ஒரே முறை ரொட்டி சுட்டு, துணி காயப்போட்டு நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. கடிகாரத்தைக் கழற்றி உலுக்கிப் பார்த்தாள். அதற்கு ஒன்றும் இல்லை. சரியாக இருபத்துநான்கு. மறுநாள் முழு ஞாயிறு. அன்னெலி ஏரியில் நீந்திவிட்டு வந்து, தலை காய்ந்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருப்பதைக் கண்டு இனி என்ன செய்வது என்று கேட்டாள்.

செப்டம்பரோடு சோதனை முடியப்போகிறது என்பதே மைவோரின் கவலை. அந்த மாதக் கடைசியில் தலைநகரிலிருந்து ராக்னில் என்ற ஆய்வாளர் வந்து ஊர்க் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். மதுக்கடை மூடியதால் வீட்டில் மாற்றம் உண்டா என்று படிவம் கேட்டது. உண்டு, இல்லை என இரண்டே கட்டங்கள். மைவோருக்குப் பின்னால் வரிசையில் பாதி ஊர் நின்றது. உண்மையைச் சொன்னால் படிக்கட்டைப் பற்றியும் சொன்னது போலத்தான். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் கடிகாரமுள் மறுபடி தயங்கும்.

"எங்க வீட்டுச் சனிக்கிழமைக்கு நாப்பத்தோரு மணி நேரம் இருந்துச்சும்மா," என்றாள், தரையைப் பார்த்தபடி. "இப்ப இருபத்துநாலு."

ராக்னில் பேனாவை வைக்கவில்லை. "வடக்கே ஒரு வீட்டுல அம்பத்திரண்டு இருந்துச்சு. படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லையே, இருங்க," என்று அளவுகோல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து எண்களை எழுதினார். "பாத்தவங்க யாராச்சும் இருந்தா கையெழுத்துப் போடலாம்."

யோர்டிஸ் வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்கே போடணும், காட்டுங்க. ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போறப்பல்லாம் இவ வீட்டு ஜன்னல்ல முந்தின நாள் வெயில் அடிக்கும்." கையெழுத்தை முடித்துவிட்டு மைவோர் பக்கம் திரும்பினாள். "என்னடி முறைக்கிறே? பக்கத்து வீட்டுல பதினஞ்சு வருஷமா இருக்கேன், எனக்குக் கண்ணு தெரியாதா? நீ வாயைத் தொறக்காம நான் எப்படிடி சொல்றது?"

அக்டோபரில் கடை சனிக்கிழமைகளில் மறுபடி திறந்தது. அந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகள் நாற்பத்துமூன்று வரை போயின. சில வாரங்களில் அன்னெலி யோர்டிஸ் வீட்டில் தங்கி, அங்கே சாதாரணச் சனிக்கிழமையை முடித்துக்கொண்டு, ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு எதிர்த்திசையில் நடந்து இன்னும் சனிக்கிழமையாகவே இருக்கும் தன் வீட்டுக்குள் நுழைவாள். அம்மாவுக்குத் துணையாக அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். மறு வருடம் மே மாதம், ஊர் ஊராகச் சேர்ந்த படிவங்களைப் படித்துவிட்டு, சனிக்கிழமை மூடுவதை நிரந்தரமாக்கினார்கள். ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. யோர்டிஸ் இறால் விருந்தை வியாழனுக்கு மாற்றிவிட்டு, அதற்கும் அரசையே திட்டினாள்.

பிர்யெர் குடியை விட்டான் என்று எழுத முடியாது. அவன் வெள்ளிக்கிழமை இன்றும் இருபது நிமிடம் நீளம். அதை வீட்டில் தாங்கிக்கொள்கிறார்கள். அந்த இலையுதிர்காலத்தில் ஒரு நாள் மைவோர் காளான் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

"ஞாயிறு," என்றாள் அன்னெலி.

"அப்ப சனிக்கிழமை?"

"அது நேத்தே போயிருச்சும்மா."

போனது தனக்குத் தெரியவில்லையே என்று மைவோர் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு அடுத்த காளானை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.