கறுப்புத் தாள் ஒட்டிய இலை

வெள்ளவத்தையில் ஒரே பாடசாலையின் தரம் பத்துப் பிள்ளைகள் இருபத்திமூன்று பேர் என்னிடம் விஞ்ஞான டியூசனுக்கு வருகிறார்கள். நான் கம்பஸில் இரண்டாம் வருடம். இருந்தும் சேர் என்கிறார்கள்; நானும் மறுப்பதில்லை.

அந்த வாரம் பாடசாலையில் கொடுத்த வீட்டுவேலை, ஒளித்தொகுப்புக்கு ஒளி அவசியம் என்று காட்டுவது; அதன் செய்முறைத் தாளை, அதாவது டியூட்டை, நான்தான் கொடுத்திருந்தேன். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, செடியை நாலு மணித்தியாலம் வெயிலில் விட்டு, இலையைப் பறித்து, பச்சையம் போக்கி, அயடீன் விட வேண்டும். மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். மூடிய இடம் நீலமாகக்கூடாது. இருபத்திரண்டு பேர் மிகச் சரியான முடிவை அனுப்பியிருந்தார்கள். ஒரே வசனம், ஒரே எழுத்துப்பிழை.

பஸ்லா மட்டும் மாளிகாவத்தை மாடிவீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

“சேர், எனக்கு முழு எலயும் நீலமா வந்தீக்கி.”

“மூடின இடமுமோ?”

“ஓ சேர். உம்மாவும் பாத்த.”

“அயடீன் கூடிப்போச்சுது போல. மற்றவை மாதிரியே எழுதிவிடும்.”

“அப்ப இந்த எல பொய் சொல்லுதா?”

இலைகள் பொய் சொல்வது பற்றிப் பாடத்திட்டத்தில் ஒன்றுமில்லை.

“நாகேஸ்வரி மிஸ் நாளைக்கு ஸ்கூல்ல கொப்பி பாத்து, ஒராளத்தான் கண்காட்சிக்கு எடுப்பாங்க. பாத்தத எழுதினா பிழை. சரியா எழுதினா நான் பாக்காதது. எனக்குப் போகணும் சேர்.”

“சரி, டியூட்டை ஒண்டாம் படியிலயிருந்து வாசியும்.”

“ஒண்டு இல்லயே. ரெண்டுலதான் தொடங்குது.”

டியூட்டின் இரண்டு பக்கத்தை ஒன்றாகச் சுருக்கிப் போட்டோக்கொப்பி அடித்த விஞ்ஞானி நான்தான். மேல் வரி வெட்டுப்பட்டிருந்தது: ‘செடியை இரண்டு நாள் இருட்டில் வைக்கவும்.’ அப்போதுதான் இலை தன் பழைய மாப்பொருளைச் செலவழித்துத் தீர்க்கும். பஸ்லாவின் இலையிலோ முந்தின நாள் சேமிப்பு அப்படியே இருந்தது. நாலு மணித்தியாலக் கறுப்புத் தாளுக்கு அதை அகற்ற வழியில்லை. ஆக, சரிவர வாய்ப்பே இல்லாத பரிசோதனையில் இருபத்திரண்டு பேர் வெற்றி பெற்றிருந்தார்கள்.

“பஸ்லா, பிழை இலையில இல்லை. என்னில.”

“அத எழுதட்டா?”

“என்ர பேரை விட்டிட்டு எழுதும்.”

“பேரோட எழுதினாத்தான் சேர் நம்புவாங்க.”

மறுநாள் மிஸ் கொப்பிகளைத் திறக்கவில்லையாம். “எல்லாரும் இலையைக் காட்டுங்கோ” என்றாராம். தலைகள் குனிந்தன. சஜீத் என்பவன் மட்டும், தன் இலையைப் பூனை தின்றுவிட்டது என்றிருக்கிறான். பஸ்லா சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து நீல இலையை எடுத்து வைத்தாள். மிஸ் அதைப் பார்த்தார். பிறகு அவள் எழுதிய காரணத்தை, என் பெயர் உட்பட, இரண்டு முறை வாசித்தார்.

“செடியை இருட்டில வைச்சுத் திரும்பச் செய்யும். சரிவந்தால் நீர்தான் போறீர்.”

பஸ்லாவின் செவ்வரத்தைச் செடி சாடியோடு அலுமாரிக்குள் போனது. அன்று பின்னேரமே அழைப்பு வந்தது.

“சேர், உம்மா செடி பாவம் எண்டு சும்மா சும்மா தொறந்து பாக்கிறா. பரவால்லயா?”

“பூட்டிச் சாவியை நீர் வைச்சிரும்.”

“சாவி உம்மாட கைலதான் எப்பவும்.”

“அப்ப உம்மாவுக்கு ஒளித்தொகுப்பைப் படிப்பியும்.”

நாலாம் நாள் ஒரு படம் வந்தது. கருநீல இலை, நடுவில் தாள் ஒட்டியிருந்த இடம் மட்டும் இளம் மண்ணிறத்தில், அடிமட்டம் வைத்து வரைந்ததுபோல. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டியபடி மருதாணி போட்ட ஒரு பெரிய விரல். உம்மாவுடையது.

கீழே ஒரு வரி: “கண்காட்சிக்கு மிஸ் ஓமெண்டுட்டாங்க சேர்.”