பேசாமல் இருக்க ஒரு இடம்

மூணு நாளா பத்து நாளா என்று முடிவு பண்ணாமலேயே துணி அடுக்க உட்கார்ந்துவிட்டேன், நாலு செட் வைத்து, இரண்டை எடுத்து, மறுபடி மூன்றை வைத்து… காலையிலிருந்து இதே வேலை. ஒரு தியான மையம் மலை மேல், பத்து நாள், வாயைத் திறக்கக்கூடாது, அடுத்தவர் முகத்தைப் பார்க்கக்கூடாது, புத்தகம் கூடாது, பேனாகூடக் கூடாது. இன்னொன்று பக்கத்திலேயே, மூணு நாள், அங்கேயும் மௌனம்தான், ஆனால் சாயங்காலம் அரைமணி நேரம் ஆசிரியரிடம் தனியாக உட்கார்ந்து மனதில் ஓடுவதைச் சொல்ல வேண்டும். சொல்லலாம் இல்லை, சொல்ல வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்கிறார்கள் எல்லோரும், பிறகு ஏன் என் மனசு மலைப் பக்கமே ஏறுகிறது? நாத்தனார் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள், "அண்ணி, வாய் மட்டும் இல்லேன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிடும், நீங்க பத்து நாளா!" சிரிக்கட்டும். பேசுவதுதானே என் பிழைப்பே.

ஐசியூ வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, ஒரு மேஜை, இரண்டு போன். உள்ளே யாராவது தவறிவிட்டால் வீட்டுக்குச் சொல்வது நான். பதினோரு வருஷமாக. எங்கிருந்து பேசுகிறோம் என்பது முதலில், பிறகு உட்கார்ந்திருக்கீங்களா, பக்கத்துல யாராவது இருக்காங்களா, அதற்கப்புறம்தான் விஷயம், அதையும் சுற்றி வளைக்கக்கூடாது… புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பழக்கிவிடுவேன். உங்க குரலைக் கேட்டாலே பாதி துக்கம் ஆறிடும் என்று ஒரு டாக்டர் சொன்னார், இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை எனக்கு, என்ன பைத்தியக்காரத்தனம். போன மாதம், பகல் பதினோரு மணி, அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு பேர். நர்ஸ் பெயரைச் சொன்னாள், நான் ஃபைலைப் பிரித்தேன், வயதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை, டீ ஆறிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணமே ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கிறவரின் மனைவியைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா என்று சொல்லிவிட்டேன், அதுவும் எவ்வளவு பக்குவமாக! அந்தப் பக்கம் அழுகை இல்லை. சரிங்க, என்றாள், அவ்வளவுதான். இருபது நிமிஷம் கழித்துத்தான் தப்பு தெரிந்தது. தப்பைத் திருத்திச் சொல்கிற இரண்டாவது போனை நான் பண்ணவில்லை, என்னால் முடியாது என்றேன், மேலதிகாரியே பேசினார், மன்னிப்பும் அவரே கேட்டார்.

இது வரைக்கும் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கணக்கு வாத்தியார், ஹாலில் பரீட்சை பேப்பர் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார், தப்பு என்றால் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த பக்கம் போகிற ஆள். இப்போதுதான் எட்டிப் பார்த்துக் கேட்டார், "இன்னும் அந்தம்மா விஷயம்தானா? மனுஷர் பொழைச்சு வீட்டுக்கே போயிட்டார், விடேன்." விட்டுட்டேங்க, என்றேன், நாலு நாள் ஓய்வா இருக்கணும், அவ்வளவுதான். மூணு நாளா பத்து நாளா, என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த மனுஷர் வீடு திரும்பிய அன்று அவள் என் கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றாள், ஒடிசலான பெண், தோளில் பெரிய பை, நான் போனில் யாருக்கோ பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள், என் வாயையே பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு எங்கிட்ட பேசினது நீங்கதானே? அதே குரல்." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை நான். "இல்லங்க, அது வேற ஒருத்தங்க, இப்ப இங்க இல்ல." நம்பினாளா? நம்பியிருக்க மாட்டாள்… பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அவங்களைப் பார்த்தா சொல்லுங்க, நான் சண்டைக்கு வரல. அந்த இருபது நிமிஷம் எனக்குள்ள என்ன ஓடுச்சுன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடணும். சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியாது. அவங்ககிட்டதான் முடியும்." அதற்குள் லிஃப்ட் பக்கத்திலிருந்து, சக்கர நாற்காலியில் இருந்த அவள் வீட்டுக்காரர், "என்ன அங்க அரட்டை, வா சீக்கிரம்," என்று அதட்டினார், அவள் போய்விட்டாள். ஒரு வார்த்தை, நான்தான், என்று ஒரே வார்த்தை. பதினோரு வருஷம் பேசிய வாய்க்கு அது வரவில்லை.

போன் அடிக்கிறது. மலை மையத்திலிருந்து ஒரு தொண்டர், இளகின குரல், எடுத்தவுடன் சாப்பிட்டீங்களாம்மா என்கிறார். கடைசியாக ஒரு இடம்தான் இருக்கிறதாம், வருகிறீர்களா என்று இப்போதே சொல்ல வேண்டுமாம். "ஒரே ஒரு கேள்விம்மா, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சமீபத்துல மனசைப் போட்டு வாட்டற மாதிரி ஏதாவது நடந்துதா? நடந்திருந்தா பத்து நாள் வேண்டாம், பேச ஆள் இருக்கற இடமாப் பார்த்துப் போங்க." அப்படி ஒண்ணும் இல்லங்க, என்கிறேன். என்ன ஒரு பக்குவம், என்ன ஒரு நிதானம். பெயரை எழுதிக்கொண்டு வைத்துவிட்டார். முடிந்தது, பத்து நாள்.

மிச்சத் துணியையும் பையில் திணிக்கிறேன். பயம் எதற்கு, அவள் திட்டுவாள் என்றா? திட்ட வரவில்லை என்றாளே. அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும், அந்த இருபது நிமிஷம் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது, அதைக் கேட்கத்தான்… இரு, இரு. அவள் எங்கே அப்படிச் சொன்னாள்? அழுதேன் என்று சொல்ல வந்திருக்கலாம், சாமியைத் திட்டினேன் என்று, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன் என்று, ஆயிரம் இருக்கலாம். நிம்மதி என்று அவள் சொல்லவே இல்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, ஒரு மாதமாக, கேட்காமலே, இவ்வளவு நிச்சயமாக? அந்த போன் எனக்கு வந்திருந்தால்… ஹாலிலிருந்து அவர் கூப்பிடுகிறார், சோத்தைப் போட்டுடவா, என்று. எனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிற சத்தம். வரேன் என்று சொல்ல வாயெடுக்கிறேன், குரல் வரவில்லை, அவர் இரண்டாம் தடவை கூப்பிடுகிறார்.