ஒன்றரை வேகம்

பாட்டு கேட்பது ஒரு நாள் கசந்துபோகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். எனக்குக் கூலி கிடையாது, கரும்பு மட்டும் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. தின்று தின்று பல் கூசிப்போய், இனிமேல் விமர்சனம் எழுதுவதில்லை என்று லிஃப்ட் அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அனுப்பத்தான் தெம்பில்லை.

லிஃப்ட் அண்ணன் யாரென்று சொல்லிவிடுகிறேன். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பாட்டுப் பைத்தியங்களையெல்லாம் போனில் ஒரு குழுவாகச் சேர்த்தவர் அவர்தான். ஆளுக்கொரு பாட்டை வாராவாரம் அவருக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். அனுப்பியவர் பெயரை மறைத்துவிட்டு அவர் எனக்குத் தள்ளிவிடுவார். பெயர் தெரிந்தால் மார்க் மாறும் என்பது அவர் கட்சி. நான் எல்லாவற்றையும் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை குழுவில் விமர்சனம் எழுத வேண்டும். எழுதியதை யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. ஒரு வக்கீலும் ஒரு பேக்கரிக்காரரும் இருக்கிற குழுவில் இந்தச் சட்டம் இல்லாவிட்டால் ரத்தம் பார்த்திருப்போம்.

நீதிபதியாக என்னைப் பிடித்ததற்குக் காரணம் என் தொழில். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டி, பிரேமில் பொருத்துகிற வேலை. லென்ஸ் தீட்டுகிறவளுக்குப் பொறுமை இருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டி, லென்ஸ் அக்கா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பொறுமை எல்லாம் மெஷினுக்கு முன்னால்தான். வீட்டுக்கு வந்தால் கழுத்து ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம்.

என் வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவர். பகலெல்லாம் தூங்குவார். அதனால் ஞாயிற்றுக்கிழமையில் இயர்போனை மாட்டிக்கொண்டுதான் காய் நறுக்குவேன், துணி மடிப்பேன், பாட்டும் கேட்பேன். ஒரு நாள் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“பாட்டு கேக்கறியா, பல்லு புடுங்கிக்கறியா?”

“கேக்கறேன்.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வேகத்தைக் கூட்டினேன். பாட்டு ஓடும் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். குரல் கீச்சென்று மாறினால் உடனே தெரிந்துவிடும். இந்தக் காலத்துக் கருவி கெட்டிக்காரக் கருவி, குரலை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் கூட்டும். இன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டுதான் தட்டினேன். அதைப் பழையபடி மாற்றினாயா என்று மறுநாள் யாராவது கேட்டிருந்தால், மாற்றினேன் என்று சத்தியமே செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு என் சலிப்பு இன்னும் கூடியது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் எதற்கோ நேரமாகிவிட்ட மாதிரி ஓடியது. ‘இசையமைக்கிறவர்களுக்கு நிதானமே போய்விட்டது’ என்று எழுதினேன். ‘பாடுகிறவர் மூச்சு வாங்க மறந்துவிட்டார்’ என்று ஒன்றுக்கு எழுதினேன். எதிர்த்துப் பேசக்கூடாது என்பதால் யாரும் பேசவில்லை. ஆனால் ஆமோதிக்கத் தடை இல்லையே. வக்கீல் முதல் ஆளாக ஆமாம் போட்டார். ‘அக்கா சொன்ன பிறகுதான் எனக்கும் உறைக்கிறது’ என்று பேக்கரிக்காரர் எழுதினார். அவருக்கு என்ன உறைத்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த பாட்டுகளில் ஒன்று மிகவும் பழையது. புயலுக்கு முன்னால் படகில் போன புருஷனுக்காகக் கரையில் ஒருத்தி காத்திருக்கிற பாட்டு. நான் எழுதியது இது: ‘காத்திருக்கிறவள் இப்படித் துள்ளிக் குதித்தா பாடுவாள்? பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி இருக்கிறது. நிதானமான பாட்டாக அனுப்புங்கள் என்று எத்தனை தடவை கேட்பது? செவிடன் காதில் ஊதிய சங்குதான். பத்துக்கு மூன்று.’ எழுதிவிட்டுச் சோற்றை வடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, கடை மூடுவதற்குச் சற்று முன்னால், வால்யூம் ஐயாவின் மகள் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டேதான் எப்போதும் வருவாள். அன்று சாவி சும்மா இருந்தது.

வால்யூம் ஐயாவும் எங்கள் குழுதான். அச்சகத்தில் மெஷின் ஓட்டியும் பிழை பார்த்தும் ஓய்வு பெற்றவர். முன்பு லிஃப்ட் அண்ணன் வீட்டில் நாங்கள் கூடும்போதெல்லாம், “இன்னும் கொஞ்சம் ஏத்துங்கப்பா” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படி வந்த பெயர் அது. ஒரு வருஷமாக அங்கே வருவதில்லை, குழுவில் எழுதுவதோடு சரி.

“அப்பா கண்ணாடிக்கா. மேலயே உக்காந்துட்டாரு.”

ஒரு பக்கக் கம்பி கழன்று கையோடு வந்திருந்தது. “பெட்டியில வெக்காம கண்ண மூட மாட்டாரே உங்கப்பா. எப்படி உக்காந்தாரு?”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் திருப்புளியை எடுத்து முடுக்கத் தொடங்கினேன்.

“அக்கா, அந்தப் படகுப் பாட்டு நெசமாவே உங்களுக்கு வேகமாத்தான் கேட்டுச்சா?”

“ஏன், நீ அனுப்பினதா?”

“அப்பா அனுப்பினது. சொல்லக்கூடாதுதான். லிஃப்ட் மாமாகிட்ட சொல்லிடாதீங்க.” சாவியை மேசையில் வைத்தாள். “அப்பாவுக்குக் காது சுத்தமா போயிடுச்சுக்கா. ஒரு வருஷமாவுது. காதுல மாட்டற மிஷினும் வாங்கிப் பாத்தாச்சு. வெறும் எரைச்சல்தான் கேக்குதாம்.”

“தெனமும் குழுவுல பேசறாரேம்மா?”

“டைப்புதானே பண்றாரு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னாரு. தெரிஞ்சா பாவம் பாத்து மார்க் போடுவாங்களாம்.”

என் கையிலிருந்து திருகாணி நழுவியது. மேசைக்கு அடியில் தேடி எடுத்தேன்.

அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் மனசில் இருக்கிற பாட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்புவாராம். கேட்க முடியாது, ஆனால் நான் எழுதுவதைப் படிக்கலாம் அல்லவா. படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம். “ ‘பாத்தியா, புல்லாங்குழல் வர எடத்தப் புடிச்சிட்டா பாரு’ம்பாரு. உங்க ஞாயித்துக்கெழமதான்கா அவருக்குப் பாட்டுக் கச்சேரி.”

“இந்த வாரம்?”

“முந்தியெல்லாம் அனுப்பினது துள்ளல் பாட்டு, வேகம்னப்ப சரின்னுட்டாரு. இதப் படிச்சாரு. சாப்புடல. மேஜைய வேகமா தட்டறாரு, அப்பறம் மெதுவா தட்டறாரு. காது போனா போவுது, உள்ள இருக்கறதும் தப்பாயிடுச்சான்னு கேக்கறாரு. ‘இது ஒண்ணு தப்புன்னா, மிச்சம் வெச்சிருக்கறதெல்லாம் எந்த லட்சணத்துல இருக்கோ’ன்னு நேத்து முழுக்க அதே பேச்சு. அப்பதான் கண்ணாடி மேல உக்காந்தாரு.”

“நீ கேட்டுச் சொல்லக்கூடாதா?”

“மெதுவான பாட்டுதாம்ப்பான்னு எழுதிக் காட்டினேன். நம்பணுமே! ‘நீ பொண்ணு, சமாதானம் சொல்லுவே. அந்த லென்ஸ் பொண்ணு, யாரு அனுப்பினதுன்னே தெரியாம எழுதினா, அதுதான் நெசம்’ங்கறாரு.”

போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன். இயர்போன் இல்லாமல், இருவருக்கும் கேட்கிற மாதிரி. படகுக்காரன் பெண்டாட்டி மறுபடியும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

“என்னக்கா இது, நாய் தொரத்தற மாதிரி ஓடுது?” என்று அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு திரையின் மூலையில் விரலை வைத்தாள். “ஒண்ணரைல வெச்சிருக்கீங்க.”

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு எடுத்து வீசியிருக்கிறேன். அன்று அது என் வாசல் தேடி வந்தது. இத்தனை வாரமாக ஊர்ப்பட்ட பாடகர்களை மூச்சு வாங்க வைத்துவிட்டு, அவர்களுக்கு நிதானமில்லை என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறேன். அதுகூடப் போகட்டும். காது கேளாத மனிதர் சாப்பாட்டை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அதில் செவிடன் காதுச் சங்கு வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண் முன்னால் அழ வெட்கப்பட்டு, லென்ஸ் துடைக்கிற துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“கண்ணாடிய நானே கொண்டு வந்து குடுக்கறேன். வண்டில என்னயும் ஏத்திக்கோ” என்றேன்.

குழந்தைகளுக்கான குட்டை சீட்டில் முழங்கால் முட்ட உட்கார்ந்து போனேன். வழியிலேயே குழுவில் எழுதிவிட்டேன்: ‘மறதியில் எல்லாப் பாட்டையும் ஒன்றரை வேகத்தில் கேட்டிருக்கிறேன். இத்தனை வார விமர்சனமும் செல்லாது.’ வக்கீல் உடனே சிரிக்கிற முகம் ஒன்று போட்டார். பேக்கரிக்காரர், ‘எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது’ என்று எழுதினார்.

வால்யூம் ஐயா சாப்பாட்டு மேசைக்கு முன்னால் முண்டா பனியனோடு உட்கார்ந்திருந்தார். மூடி வைத்த தட்டு ஒன்று அவர் பக்கத்தில் இருந்தது. நான் கண்ணாடியை மாட்டிவிட்டு, குழுவில் எழுதியதைக் காட்டினேன். படித்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இவ வந்து அழுதிருப்பா. நீ மனசு கேக்காம எழுதிட்டே” என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஒன்றரை என்று காட்டும் பொத்தானைத் திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இத இப்ப வழியிலகூட மாத்தலாம்.”

அச்சகத்தில் பிழை பிடித்துப் பழகிய மனிதர், வேறு எப்படி இருப்பார்! அவரேதான் வழி சொன்னார்.

“அங்க திரும்பி உக்காரு. செவத்தப் பாத்து. என் கையப் பாக்கக்கூடாது. பாட்டப் போட்டுக் கேளு, கேக்கற தாளத்த அந்த ஸ்டூல் மேல தட்டு. நான் உன் கையப் பாத்துக்கறேன்.” பிறகு மகளைப் பார்த்து, “நீ உள்ள போ. சைகை காட்டுவே” என்றார்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்து வைத்து, இயர்போனை மாட்டி, வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்து பாட்டைத் தொடங்கினேன்.

மெதுவான பாட்டுதான். அவ்வளவு மெதுவாக ஒரு பாட்டு போகலாம் என்பதே எனக்கு மறந்திருந்தது. ஒரு வரி பாடிவிட்டு, அவள் கடலைப் பார்க்கிறாள். நாமும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகுதான் அடுத்த வரி. என் விரல் தட்டிவிட்டு, தட்டிவிட்டு, காத்திருந்தது. காலையிலிருந்து இறுகிக்கிடந்த கழுத்து கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தாளம் திடீரென்று நின்றுவிட்டது. என் விரலும் அந்தரத்தில் நின்றது.

“நின்னுச்சா!” பின்னாலிருந்து வீடே அதிரக் கத்தினார். “நின்னுச்சா அங்க! இப்ப புல்லாங்குழல் மட்டும் வரும். இப்ப... இப்ப தட்டு!”

அவர் சொன்ன அதே நொடியில் என் காதில் தாளம் விழுந்தது. நான் தட்டினேன். அவரும் மேசையில் தட்டினார். அந்த அதிர்வு தரைவழியாக என் காலுக்கு வந்தது. இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

அப்படியே கடைசிவரை போனோம். பாட்டு முடிந்ததும் விரலை எடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது, விரல் அதே நிதானத்தில் விழுந்துகொண்டிருந்தது. தட்டைச் சூடுபண்ண எடுக்க வந்த மகள் கதவருகில் நின்றுவிட்டாள்.

“முடிஞ்சிடுச்சுன்னு சொல்லும்மா” என்று மெல்லச் சொன்னேன்.

“அவருக்கு முடியலக்கா. ரேடியோவுல வந்தப்ப மூணாவது சரணம் ஒண்ணு இருந்துச்சாம். அப்பறம் வந்த ரெக்கார்டு எல்லாத்துலயும் வெட்டிட்டாங்களாம். அது எங்கயும் கெடைக்காதும்பாரு.”

வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புகிற நேரம். சோறு வைக்கவில்லை. போன் மடியில் இரண்டு முறை துடித்தது. நான் இயர்போனைக் கழற்றாமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சரணம் முடியட்டும், கேட்டுவிட்டே போகலாம்.