மூன்று சி.சி.

சவுரியம்மாள் ஆம்பூரில் பிறந்தவள். சுண்ணாம்புக் குழியில் ஊறும் ஆட்டுத்தோல் நாற்றத்தின் நடுவிலேயே சோறு தின்று வளர்ந்தவள். அப்படிப்பட்டவளுக்கே அன்று தோல் பதனிடும் டேனரி முற்றத்தில் குமட்டிக்கொண்டு வந்தது, கம்பவுண்டர் தானியேலைப் பார்த்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம். வெறுங்காலோடு வேலை செய்யும் தொழிலாளிகளில் பாதிப் பேர் கொக்கிப்புழுவால் சோகை பிடித்து வெளுத்திருந்தார்கள். முதலாளி ஷபீ அஹமது கேட்டுக்கொண்டதால் புழு மருந்து கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்பாடாகியிருந்தது. நர்ஸ் சவுரியம்மாளும் தானியேலும் மருந்தோடு முன்னால் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா வரவேண்டிய ரயில் அரக்கோணத்திலேயே நின்றுபோயிருந்தது. மருந்து அளக்கும் கண்ணாடிக் குப்பி மாட்டுவண்டிக் குலுக்கலில் உடைந்துவிட்டது. இருபத்துமூன்று பேர் ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

"டாக்டரம்மா வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் கிணற்றடிக்குக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது தானியேல் முதலாளி வீட்டு நெய்க் கரண்டியால் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கரண்டியின் விளிம்பில் பழைய நெய் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. கோவிந்தசாமி என்ற தோல் சுரண்டுகிறவன் ஒரு கரண்டி மருந்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்திருந்தான்.

சவுரியம்மாள் ஓடிவந்து கரண்டியைத் தட்டிவிட்டாள்.

"இன்னா சார் இது? எத்தினி கரண்டி?"

"மூணு. டாக்டரம்மா சீட்டுல அப்டித்தான போட்டுக்குது."

"மூணு சி.சி.ன்னு போட்டுக்குது."

"சி.சி.ன்னா சின்ன கரண்டிதான்! பத்து வருசமா டிராம், அவுன்ஸ் அளந்தவன் நானு. எனக்குப் பாடம் சொல்றியா?"

அவள் மருந்துப் பெட்டியருகே குனிந்தாள். பெட்டியிலிருந்து கண்ணாடி ஊசிக்குழாயை எடுத்தாள். நிறைய இழுத்தால் இரண்டு சி.சி. பிடிக்கும் குழாய் அது. தண்ணீரை இழுத்து இழுத்துக் கரண்டியில் விட்டாள். ஏழு முறை விட்டும் நிரம்பவில்லை. எட்டாவதில் பாதி போனதும் வழிந்தது.

"ஒரு கரண்டி பதினஞ்சு சி.சி. மூணு ஊத்திருந்தா பதினஞ்சு பேர் மருந்து இவன் ஒருத்தன் வயித்துல. ஈரல் வெந்து செத்துருப்பான்."

தானியேல் மூக்கைச் சிந்தி, விரலைக் கரண்டி துடைக்கும் துணியிலேயே துடைத்துக்கொண்டான். "இன்னா பெரிய வித்தியாசம்? ஜாஸ்தி குடிச்சா புழு ஜாஸ்தி சாவும்" என்றான்.

அவள் கோவிந்தசாமியைக் குனியவைத்து உப்புத்தண்ணீரைப் புகட்டி, தொண்டைக்குள் விரலை விட்டாள். இனிப்பு வாடையோடு மருந்தும் பித்தநீரும் அவள் வெள்ளைப் புடவையில் கொட்டின. அதற்கெல்லாம் அவள் முகம் சுளிக்கவில்லை. பேதி உப்பும் கொடுத்து அவனைத் தோலுக்குப் போடும் மரப்பட்டைக் கொட்டகை நிழலில் படுக்கவைத்தாள்.

நிமிர்ந்தபோது தானியேல் பதிவேட்டை நீட்டினான். "கோவிந்தசாமி, 3 சி.சி. கொடுக்கப்பட்டது. சாராயம் குடித்து வந்ததால் வாந்தி" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.

"கீழ ஒரு கையெழுத்துப் போடு சவுரியம்மா. நமக்கு எதுக்குப் பேஜாரு?"

கோவிந்தசாமிக்கு அது காதில் விழுந்தது. "நான் குடிக்கிற ஆள் இல்லம்மா" என்றான், படுத்தபடியே, மெல்ல.

அந்தப் புதுமசியின் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க, புழு நெளியும் மலச்சட்டிகளைக் கழுவும்போதுகூட வராத அருவருப்பு அவளுக்கு வந்தது. பதிவேட்டை வாங்கி, அவன் எழுதியதன் கீழே, "நெய்க் கரண்டியால் ஒன்று. அளந்து பார்த்தேன், 15 சி.சி." என்று எழுதிப் பெயரும் போட்டாள்.

மதியம் வந்த டாக்டரம்மா அதைப் படித்தாள். மருந்துப் பெட்டிச் சாவியைத் தானியேலிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் சவுரியம்மாளே ஊசி கழற்றிய குழாயால் ஆளுக்கு ஒன்றரைக் குழாய் என்று அளந்து கொடுத்தாள்.

கோவிந்தசாமிக்கு மூன்று வாரம் கண் மஞ்சளாக இருந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் அதன்பிறகு எந்த மருந்தையும் வாயில் வாங்கவில்லை. தானியேலுக்கு வேலை போகவில்லை. ஆஸ்பத்திரியில் பஞ்சும் துணியும் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் அவன் சிரித்த முகமாகக் கைகூப்பி, "தோத்திரம் சவுரியம்மா" என்பான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போய்விடுவாள்.