கால் மணி வேகம்

"சரியா எத்தனை மணிக்கும்மா உயிர் போச்சு?" பஞ்சாங்கத்தை மடியில் விரித்தபடி வாசல் வராந்தாவிலிருந்தே கேட்டார் சாஸ்திரி.

"கடிகாரத்துல பத்து இருபது. நான்தான் பார்த்தேன்," என்றாள் அன்னபூர்ணம்மா.

சாஸ்திரியின் விரல் நின்றது. "பத்து பன்னிரண்டுக்கே அவிட்டம் வந்துடுச்சே! அந்த நட்சத்திரத்துல போனா அடைப்பு. ஆறு மாசம் வீட்டைப் பூட்டணும்."

"பூட்டிட்டு நான் எங்கய்யா போவேன்? அவர் இருந்த இடத்தை விட்டுட்டு..." அழத் தொடங்கியவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இருங்க, அது அவரோட கடிகாரம்! எப்பவும் கால் மணி வேகம். பாபட்லா ஊர் முழுக்கத் தெரியுமே!"

பக்கத்தில் நின்ற மகள் ஹைமவதிக்குப் பகீரென்றது.

அவள் உயிரை வாங்கிய கடிகாரம் அது. கணக்கு வாத்தியார் சோமயாஜுலு பெற்ற பெண் எங்கேயும் பிந்தக் கூடாதாம். பள்ளிக்கூட கேட் திறக்கும் முன்னே போய்த் தெருநாயோடு நின்றிருக்கிறாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வருமுன்பே இவளைப் பந்தலில் கொண்டுவந்து உட்காரவைத்தார், ஊரே சிரித்தது. ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷமாகியும் மனுஷர் மாறவில்லை. "இனிமே எங்க நான்னா போகணும் உங்களுக்கு?" என்று அப்பாவிடம் கத்தினால், "போகும்போது தெரியும்மா," என்பார்.

நேற்று அவர் நினைவில்லாமல் கிடந்தார். மருந்து கொடுக்கிற வேளை குழம்பிப்போனது. எரிச்சல் தாங்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவைத்தது இவள்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப பத்து அஞ்சு. தப்பிச்சீங்க," என்றார் சாஸ்திரி. "எதுக்கும் என் வாட்சோட ஒத்துப் பாத்துடறேன்." செருப்பைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம் இருங்க, நான்னாவுக்கு வேட்டியைச் சரி பண்ணிடறேன்." உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

கடிகாரத்துக்கு நேர்கீழே, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஸ்டூலை இழுத்து ஏறினாள். "செத்தும் என்னை விடமாட்டேங்கிறீங்களே!" பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைக் குத்துமதிப்பாக முன்னால் தள்ளினாள்.

இறங்கிக் கதவைத் திறந்ததும் சாஸ்திரி வந்தார். வாட்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பதினேழு நிமிஷம் கூடக் காட்டுதே?"

ஹைமவதி குனிந்து நான்னாவின் வேட்டியை இழுத்துவிட்டாள்.

"சமயத்துல ரெண்டு நிமிஷம் கூட்டி வைப்பார்," என்றாள் பின்னால் வந்த அன்னபூர்ணம்மா. மகளைப் பார்க்காமல், ஸ்டூலைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.